சுவரில் நிறைந்த குளம்

இளவேனிற் கதிரவன் பருத்திக் கிடங்கின் கூரைக்கு மேலேறி, அலபாமாவின் சிற்றூராகிய லோரன்வில்லின் முதன்மைத் தெருவெங்கும் பொன்னொளி பரப்பிய முற்பகல் வேளையில், ஊர் வரலாற்றை ஓவியமாகத் தாங்கிய நெடுஞ்சுவர் திரைவிலகி நின்றது. தொடர்வண்டி முதன்முதல் வந்த நாளும், வெண்பருத்தி குவிந்த களமும், நீலம் ததும்பும் நீச்சல் குளத்தில் வெள்ளைச் சிறார் குதித்தாடும் கோடையும், குளத்தைக் கட்டிய ஊர்த்தலைவர் ஹட்டோ இடுப்பில் கைவைத்துக் கரையில் நிற்கும் கோலமும் அதில் விளங்கின. பருத்தி தீட்டப்பட்டிருந்தது, பறித்த கைகள் தீட்டப்படவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தம் முன்னோரின் உருவத்தின்கீழ் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்வது அன்றைய முறை.

"உங்க தாத்தாவுக்கு இவ்வளவு முடி எப்போ இருந்துச்சு?" என்று ஒருத்தி கணவனைச் சீண்டினாள்.

"ஓவியருக்கு அம்மா பீச் பழத்துல இனிப்பு சுட்டுக் குடுத்தாங்கல்ல, அதான் வளந்துடுச்சு" என்றான் அவன்.

ஊர்த்தலைவரின் மகன் லமார், எழுபத்திரண்டு அகவையர், விழாக்குழுவை நடத்தியவர். 'விரிசல் கண்டதால் குளம் மூடப்பட்டது' என்று சுவரில் எழுதச் சொன்னவரும் அவரே. அஞ்சலகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கறுப்பினப் பெருமாட்டி ஓசெல்லா, நிற்பதற்கு ஓர் உருவமுமின்றி ஒதுங்கி நிற்பதைக் கண்டு, லமார் தம் நற்பண்பைத் தாமே மெச்சிக்கொண்டு அவரை அழைத்தார்.

"மிஸ் ஓசெல்லா, ஏன் தள்ளி நிக்கிறீங்க? வாங்க, எங்க அப்பாவுக்குக் கீழ நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்!"

"உங்க அப்பாவுக்குக் கீழயா?" ஓசெல்லா சுவரை ஒருமுறை படித்தார். "எந்த விரிசல், லமார்? எங்க கறுப்புப் பிள்ளைங்களையும் உள்ள விடணும்னு கோர்ட்டு சொன்ன வாரமே உங்க அப்பா குளத்துல லாரி லாரியா மண்ணைக் கொட்டினாரே, அதுவா?"

"விழா நாள்ல இதெல்லாம் எதுக்குங்க?" என்று எவரோ முணுமுணுத்தார்.

அப்போது தாம் பத்து வயதுச் சிறுவன் என்று லமார் சொல்லித் தப்பியிருக்கலாம். அச்சொல் உதடுவரை வந்ததும் உண்மை. ஆயினும் அறுபத்திரண்டு ஆண்டுகள் அடக்கிவைத்த நாணம் கழுத்துவரை ஏறிச் சுட, அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"விரிசலே இல்லை. முதல் லாரியில டிரைவர் பக்கத்துல நான்தான் உக்காந்திருந்தேன். மண்ணு விழ விழக் கை தட்டினேன். பொய்யை எழுதச் சொன்னதும் நான்தான்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு இலேசாயிற்று. நன்று சொன்னீர் என்று எவரேனும் கூறுவர் எனத் தம் முகம் காத்திருப்பதை உணர்ந்தபோது, முன்னையினும் பெரிதாக அவர் வெட்கினார்.

"தெரியும்" என்றார் ஓசெல்லா. "வேலிக்கு இந்தப் பக்கம் நானும் தம்பி தியோடிஸும் துண்டோட நின்னோம். நீங்க கை தட்டினதைப் பாத்தோம். அந்தக் கோடையில அவன் ஆத்துக்குக் குளிக்கப் போனான். மூணாம் நாள்தான் கிடைச்சான். ஒன்பது வயசு."

நிழற்படக்காரர் கருவியைத் தாழ்த்தினார். எழுத்தை அழித்து எழுதலாம், புதைத்த குளத்தை மீண்டும் தோண்டலாம், பொய்யை ஊரறிய ஒப்புக்கொண்டு சற்றே இளைப்பாறவும் செய்யலாம். ஆனால் அச்சிறுவனின் பெயரைக்கூட அன்றுவரை லமார் கேட்டறிந்ததில்லை.