மீன்கள் ஆடிய தொட்டி

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். ஒரு மீன் தொட்டியின் கதை சொல்கிறேன். கேட்டால் வயிறு எரியும், எரியட்டும்.

ஊர்ச் சாக்கடையை வாங்கிச் சுத்தம் செய்து கால்வாயில் விடுகிற நிலையம் ஒன்று இருந்தது. அதன் வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி. 'சுத்திகரித்த நீரில் வாழும் மீன்கள்' என்று மேலே பலகை. மீன்களைக் கொடுப்பவள் பக்கத்துத் தெருவில் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்தவள். நிலையத்து மேனேஜர் வாரம் தவறாமல் புது மீன் வாங்குவார். நல்ல வாடிக்கை என்று அவளும் பூரித்துப் போயிருந்தாள். பழைய மீன்கள் என்ன ஆயின என்று கேட்கத் தோன்றவில்லை. வியாபாரம் நடக்கும்போது யாருக்குத்தான் தோன்றும்?

கேட்டவள் அவளுடைய அக்கா. கால்வாய் ஓரத்தில், அந்தத் தண்ணீரையே பாய்ச்சிக் கீரை போட்டுப் பிழைப்பவள். கருகிப்போன கீரையை வேரோடு பிடுங்கி வந்து கடைப் படியில் கொட்டினாள்.

"உன் மீனு அங்க சாவுது, என் கீரை இங்க சாவுது. நீ மட்டும் கொழுகொழுன்னு இரு, தாயி."

"என்னக்கா சொல்ற?"

"தண்ணிக்குக் காத்து விடுற மோட்டாரையே அவனுங்க போடறதில்லடி. கரண்டு மிச்சமாம். இன்னொரு தடவை இப்படிக் கருகிச்சுன்னா நிலத்தை விட்டுட்டு நான் எங்க போவேன்?"

அந்த வாரமே மேலதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. மேனேஜர் கூப்பிட்டார்.

"கடைக்காரம்மா, துறுதுறுன்னு இருக்கிற மீனா கொண்டாங்க. தொட்டியில குழாய்த் தண்ணி ரொப்பிடுங்க."

அவள் குழாய்ப் பக்கமே போகவில்லை. நிலையத்துத் தண்ணீர் கால்வாயில் விழுகிற இடத்தில் வாளியை நீட்டி மொண்டு வந்து ஊற்றினாள். பலகையில் எழுதியிருந்தபடிதானே!

அதிகாரிகள் வந்தபோது மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"அட, என்னமா ஆடுது பாருங்க!" என்று பெரிய அதிகாரியம்மா போட்டோ எடுத்தார்.

"ஆட்டம் இல்லம்மா, மூச்சு முட்டுது. இது இவங்க வெளிய விடுற தண்ணி. இப்பத்தான் மொண்டேன்."

"கடைக்காரம்மா தமாஷா பேசுவாங்க மேடம்," என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தேநீர் குடிக்கப் போனார்கள்.

அந்தச் சிரிப்பைப் பாருங்கள், கண்ணுகளா! உயிர் துடிப்பதை ஆட்டம் என்றார்கள். துடிக்கிறது என்று சொன்னவளைத் தமாஷ் என்றார்கள். வந்த சாக்கடையை அப்படியே கால்வாயில் கொட்டுவதற்கா இத்தனை கட்டடம், இத்தனை வேலி? அதற்கு ஒரு பலகை வேறு!

அவள் அந்தத் தண்ணீரோடு மீன்களை ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளினாள். நேரே போய் நிலையத்தின் கேட் அருகே நின்றாள். அதிகாரியம்மாவின் கார் வந்ததும் ஓடிப்போய்ப் பையை ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள்.

"ஏம்மா, வழிய விடும்மா!" மேனேஜர் பின்னாலிருந்து கத்தினார். டிரைவர் ஹாரனை அடித்தான். அவள் கையை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம், அதிகாரியம்மாவின் முகத்துக்கு நேராக, மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. பையின் அடியில் இரண்டு அசையாமல் கிடந்தன.

கண்ணாடி ஒரு விரலளவு இறங்கியது. கால்வாயின் நாற்றம் காருக்குள் நுழைந்தது.

உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர் இனிக்கட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டை விட்டுப் போகும் தண்ணீரும் யார் வயிற்றிலும் அடிக்காமல் போகட்டும்.