இடம் மாறி முளைத்த தைராய்டு

தையற்கடை நடத்தும் அந்த அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு மாடிப்படி ஏறியது. எட்டுக் கிலோ இளைத்தார். வீட்டில் நிபுணர்களுக்கா பஞ்சம்? "கோவத்தக் கொறச்சுக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்றார் கணவர். நாத்தனாருக்கோ பொறாமை. "எப்படி அண்ணி எளச்சீங்க? எனக்கும் சொல்லுங்களேன்!"

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு ஹார்மோன் எகிறியிருந்தது. கழுத்தை ஸ்கேன் செய்தால், அங்கிருந்த தைராய்டு சுரப்பி பரம சாது. வேலையே செய்யாமல் தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு யார்தான் சுரக்கிறார்கள்?

"சிலருக்கு அப்படித்தாம்மா. மனசுல கவலைய வெச்சுக்காதீங்க" என்று மருத்துவர் அறிவியலை முடித்துவைத்தார். மாத்திரை தின்றால் இறங்கும், விட்டால் ஏறும். இப்படியே இரண்டு வருடம்.

பிறகு அடிவயிறு கனத்தது. முதல் ஸ்கேன் அறிக்கை, "சாதாரண நீர்க்கட்டி" என்றது. அந்த ஸ்கேன் மருத்துவரின் கணினியில் இந்த வரி எப்போதும் தயாராக இருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் போதும். நல்லவேளையாக இரண்டாவது ஸ்கேன் எடுத்தவருக்குக் கண் இருந்தது. "சினைப்பைக்குள் திடமான பகுதி தெரிகிறது, ரத்த ஓட்டமும் அதிகம். நீர்க்கட்டி என்று ஒதுக்க வேண்டாம்" என்று எழுதினார்.

அறுவை மருத்துவர் கட்டியைச் சினைப்பையோடு எடுத்து, டப்பாவில் போட்டு, தரைக்குக் கீழே சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்த லேபுக்கு அனுப்பினார். அங்கே திசுக்களைச் சோதிக்கும் டாக்டரம்மாவுக்கு ஆஸ்பத்திரி வைத்திருந்த பெயர், 'சந்தேகம் மேடம்'.

சந்தேகம் மேடம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். போனை எடுத்தார்.

"சார், நீங்க அனுப்பின சினைப்பைல தைராய்டு இருக்கு."

"மேடம், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க. டப்பா மாறியிருக்கும். உங்க லேப்ல இதெல்லாம் சகஜம்தானே?"

"இந்த வாரம் கழுத்து ஆபரேஷனே நடக்கல சார். அதைச் செய்யறவரு லீவுல இருக்காரு. யாரோட டப்பாவோட மாறும்?"

மறுமுனையில் ஆபரேஷன் பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஒரு நிமிஷம் கீழ வாங்களேன்."

பதினோரு வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர், லேபுக்கு வழி கேட்டுக்கொண்டு வந்தார். மேடம் ஸ்லைடை நகர்த்தினார்.

"இந்தப் பக்கம் என்ன தெரியுது?"

"சினைப்பை."

"அந்தப் பக்கம்?"

அவர் மைக்ராஸ்கோப்பின் திருகை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே துண்டு சார். ரெண்டு பேரோட சதைய ஒட்டுப் போட எங்களுக்குத் தெரியாது. சினைப்பைக் கட்டில பல்லு, முடியெல்லாம் மொளைக்கறத நீங்களே பாத்திருக்கீங்க. அபூர்வமா சிலருக்குத் தைராய்டு மொளைக்கும். இது சுரந்த ஹார்மோன்தான் அந்தம்மாவ ரெண்டு வருஷமா ஆட்டி வெச்சிருக்கு."

"கேன்சரா?"

"கட்டி முழுக்கத் துண்டு போட்டுப் பாத்துட்டேன். இல்ல."

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் அறுவை மருத்துவர் படம் போட்டு விளக்கினார். "எனக்கு ஆரம்பத்துலேந்தே ஒரு சந்தேகம் இருந்தது" என்று தொடங்கினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சந்தேகம் மேடம் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

சில நாள் கழித்து, ஒரு பெண்மணி லேப் கதவைத் தட்டினார். மாத்திரையே இல்லாமல் ரத்தப் பரிசோதனை சரியாக வந்திருந்த காகிதம் அவர் கையில். இருபது வருடத்தில் இந்த லேபுக்கு நோயாளிகள் டப்பாவில்தான் வந்திருக்கிறார்கள். காலால் நடந்து வந்த முதல் ஆள் இவர்தான்.

"டாக்டர், அத நான் பாக்கலாமா?"

மேடம் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். அந்த அம்மா ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"பட்டன் அடுக்கி வெச்ச மாதிரி இருக்கு. இவ்வளவு ஒழுங்கானதா என்னைப் பாடாப் படுத்துச்சு?" சிரித்தவர், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். "எல்லாம் உன் மனசுலதான் இருக்குன்னே சொன்னாங்க டாக்டர். நானும் நம்பிட்டேன்."

"மனசுல இல்லம்மா" என்றார் மேடம். "இடது சினைப்பைல, ஆறு சென்டிமீட்டர்."