ஒன்றேகால் மணி நேரம் தாங்கிய பெட்டி

இருபத்திரண்டு வருடம் பிளாஸ்டிக் டப்பா செய்து விற்ற முதலாளிக்கு, ஒரு திங்கட்கிழமை காலை பூமியின் மேல் பாசம் பொங்கியது. "இனிமே காகிதப் பெட்டிதான் வாங்குவேன்" என்று பெரிய உணவகக்காரர் ஒருவர் சொன்னது அதற்கு முந்தின சனிக்கிழமை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் தப்பாக நினைக்கக் கூடாது.

பாசம் முதலாளியுடையது. வேலை, மடிப்புப் பிரிவில் இருந்த அண்ணியுடையது. ஒட்டுப் பிரிவில் இருந்த நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தொழிற்சாலைக்கே அவள் அண்ணியாகிவிட்டாள்.

சூடான சூப்பை ஊற்றினால் காகிதப் பெட்டி மூலையில்தான் ஒழுகும். வெட்டி ஒட்டிய இடம் சூட்டில் விட்டுவிடும். அறுபத்து மூன்று பெட்டிகள் ஒழுகிய பிறகு அண்ணி கத்தரிக்கோலையே தூரப் போட்டாள். மூலையை வெட்டாமல் காதுபோல் மடித்துப் பக்கத்தில் செருகினாள். அறுபத்து நாலாவது பெட்டி ஒரு மணி நேரம் தாங்கியது.

மேலாளருக்கு நம்பிக்கை வரவில்லை. "உள்ள மெல்லிசா பிளாஸ்டிக் ஒட்டிடலாமே? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் சார்."

"அறிமுக விழாவுல ஒழுகிச்சுன்னா?"

"அப்புறம் உங்க இஷ்டப்படி ஒட்டிக்குங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீங்க திறக்காம இருந்துட்டாலும்!" என்றாள் நாத்தனார்.

அறிமுக விழாவுக்கு 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்ற பதாகை, பளபளக்கும் பிளாஸ்டிக்கில் வந்து இறங்கியது. மேடையில் வெள்ளை விரிப்பு. அதன்மேல் அண்ணியின் பெட்டி. நாத்தனார் ஆவி பறக்கத் தக்காளி சூப்பை ஊற்றினாள். முதலாளி பத்து நிமிடம் பேசுவார், பிறகு உணவகக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார். ஏற்பாடு அவ்வளவுதான்.

முதலாளி தம் பிறப்பிலிருந்து தொடங்கினார். இருபதாவது நிமிடத்தில் பள்ளிக்கூடம் சேர்ந்தார். நாற்பதாவது நிமிடத்திலும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

"அண்ணி, இவரு இன்னும் தொழிலே ஆரம்பிக்கலையே!"

"பேசாம மூலையைப் பாருடி."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஒரு மணி நேரம் பாத்திருக்கேன். அதுக்கு மேல கடவுள் விட்ட வழி."

"எல்லா சோதனையும் பண்ணினீங்க, இந்த வாய்க்கு ஒரு சோதனை பண்ணலையே!"

ஒரு மணி நேரம் தாண்டியது. மேலாளர் விரிப்பையே வெறித்தார். "இந்தப் பெட்டியை ராத்திரி பகலா நானே என் கையால உருவாக்கினேன்" என்று முதலாளி முடித்தபோது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. கைதட்டல் பலமாக இருந்தது. ஒருவழியாக முடிந்ததே என்ற நன்றிதான்.

உணவகக்காரர் மேடையேறிப் பெட்டியைத் தூக்கினார். விரிப்பில் ஒரு பொட்டு சிவப்பு இல்லை. அடியில் விரலை ஓட்டினார்; ஈரமில்லை. ஒரு வாய் குடித்தார்.

"ஆறிப்போச்சே!"

"அது பெட்டியோட குத்தம் இல்லீங்க!" என்று கீழேயிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். கூட்டம் சிரித்தது. முதலாளியும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

உணவகக்காரர் மேடையில் காட்சிக்கு வைத்திருந்த மடிக்காத தாள் ஒன்றை முதலாளியிடம் நீட்டினார். "உங்க கையால ஒண்ணு மடிச்சுக் காட்டுங்களேன்."

முதலாளி மடித்தார். தொப்பி மாதிரி வந்தது. திருப்பிப் பார்த்தார், அப்போதும் தொப்பிதான்.

"கத்தரிக்கோல் எங்கப்பா?"

"வேணாங்க, வெட்டினா ஒழுகிடும்" என்றபடி அண்ணி மேடைக்கு வந்தாள். தாளை வாங்கி நீவினாள். நாலு மூலை, நாலு காது, நகத்தால் ஓர் இழுப்பு. பெட்டி நிமிர்ந்து நின்றது. மிச்ச சூப்பை அதில் மாற்றிவிட்டு, காலிப் பெட்டியை உணவகக்காரரிடம் கொடுத்தாள். "கிழிச்சுப் பாருங்க. தாள்ல பூசினது வெறும் கஞ்சிதான்."

அவர் கிழித்துப் பார்த்தார். "இதே மடிப்புதான் வேணும். உள்ள பிளாஸ்டிக் ஒட்டி வந்துச்சுன்னா ஒரு பெட்டிகூட இறக்க மாட்டேன்."

மேலாளர் கூரையில் எதையோ தேடினார்.

புகைப்படக்காரர் கூப்பிட்டதும் முதலாளி முன்னால் வந்து பெட்டிக்குக் கை நீட்டினார்.

"சூப் இருக்குங்க, சட்டையில கொட்டிக்குவீங்க" என்ற அண்ணி கொடுக்கவில்லை. பெட்டியைத் தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்தாள்.