பால் ஊற்றப் போனவள்

ஊரே வரிசையில் வந்து பால் ஊற்றிப் பதினோரு நாள் ஆகியும் ராஜாங்கத்துக்கு உயிர் போகவில்லை. பக்கவாதம் வந்து நாக்கு விழுந்த மனுஷன். சாதிச் சங்கக் கிளைத் தலைவராக இருந்தபோது மைக்கைப் பிடித்தால் லேசில் விடாதவர், உயிரையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று டீக்கடையில் பேச்சு. மண்ணாசையாக இருக்கும் என்று கரும்புக் கொல்லை மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள். பொன்னாசைக்குத் தாலிக்கொடியை உரசி ஊற்றினார்கள். மேடையில் அவருக்குப் போர்த்திய சால்வையை அலசிய தண்ணீரைக்கூட விட்டுப் பார்த்தாயிற்று. கடைசியில் பூசாரி கொளஞ்சியப்பன்தான் கண்டுபிடித்தார்: வயிறெரிந்தவள் ஒருத்தி ஊரில் இருக்கிறாள், அவள் கைப்பால் விழுந்தால்தான் கட்டை அடங்கும்.

அந்த ஒருத்தி ஆயம்மாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தேழு செப்டம்பரில், இட ஒதுக்கீடு கேட்டுச் சங்கம் நடத்திய ஒரு வாரச் சாலை மறியல். ராஜாங்கம் நின்று வெட்டவைத்த புளியமரம் கள்ளக்குறிச்சி ரோட்டில் குறுக்கே கிடந்தது. இரண்டு பக்கமும் நடவுச் சேறு. ஆயம்மாளின் மகள் கலையரசி, பிள்ளை குறுக்கே நின்றுபோய், மாட்டுவண்டியில் துடித்துக்கொண்டு வந்தாள். "மாமா, வழி வுடுங்க மாமா" என்றாள். முறைக்குத் தாய்மாமன். மாமன் துண்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு வண்டிக்கு வழிவிட்டால் போராட்டம் என்னாவது, இதெல்லாம் பிறக்கப்போகிற பிள்ளையின் படிப்புக்கும் வேலைக்கும்தானே என்று விளக்கினார். நீளமான விளக்கம். அது முடிவதற்குள் பிள்ளையும் பெற வந்தவளும் வண்டியிலேயே அடங்கிப்போனார்கள். கருமாதிக்கு வந்து தியாகத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

அன்றிலிருந்து ஆயம்மாள் காலையில் எழுந்ததும் முதலில் அவரைச் சபிப்பாள், பிறகுதான் பல் விளக்குவாள். களை வெட்டும்போது ஒவ்வொரு வெட்டும் அவர் கழுத்தில். இந்தக் கோபத்தை விட்டால் மகள் முழுசாகச் செத்துப்போவாள் என்று அவளுக்குப் பயம்.

ராஜாங்கத்தின் பெண்சாதி ஆண்டாள் வந்து கூப்பிட்டாள். அழக்கூடத் தெம்பில்லாத முகம்.

"நீ மன்னிக்க வாணாம் ஆயம்மா. வந்து ஒரு வாய் வுட்டுட்டுப் போ. என்னால முடியல."

அவர் படுகிற பாட்டை நிதானமாகப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினாள். கூடத்தில் இருந்தவர்கள், கையெழுத்துப் போட வந்த தாசில்தாருக்கு விடுவதுபோல வழிவிட்டார்கள். மனசார மன்னித்தேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு ஊற்றவேண்டும் என்று கொளஞ்சியப்பன் பாடம் எடுத்தார்.

முதுகுப் புண்ணின் வாடை. பாயில் கிடந்தது எலும்பும் தோலும். கண் மட்டும் அவளை அடையாளம் கண்டு கலங்கியது. இரண்டு வருஷமாகத் தீட்டி வைத்த வார்த்தைகளுக்கு எதிரே ஆளே இல்லை. பாலாடைச் சங்கால் ஒரு வாய் ஊற்றினாள். மடக்கென்று விழுங்கி மறுபடி வாயைத் திறந்தார். இன்னொன்று. மறுபடி திறந்தார். பிள்ளை வளர்த்தவளுக்கு அந்த வாய் தெரியும்.

"அண்ணி, அண்ணன் கடைசியா எப்போ சோறு துன்னாரு?"

ஆண்டாள் தலைகுனிந்தாள். சாகப்போகிறவருக்கு எதற்கு என்று எல்லாரும் சொன்னார்களாம். பால்தான் பதினோரு நாளாக.

"இவருக்குப் பசிக்குது அண்ணி."

ஊர்கூடி ஊற்றிய பால்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று யாருக்கும் அதுவரை தோன்றவில்லை. கொளஞ்சியப்பனுக்கு மட்டும் ஒத்துக்கொள்ள மனமில்லை.

"நீ மனசார வுடல. உள்ளே இன்னும் வச்சிக்கினு இருக்க."

"இருக்குது. இருந்துட்டுப் போவட்டும். நீ எழுந்து போயி கஞ்சி வைக்கச் சொல்லு."

கஞ்சி வந்தது. அவர் தலையைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டாள். கனமே இல்லை. முதல் கரண்டி அவர் உதட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. அவர் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பார்க்காமலே வாயில் ஊற்றினாள்.

வாசலில் மேளக்காரர்கள் இன்னொரு டீ சொல்லிவிட்டுக் குந்தியிருந்தார்கள். பாடைக்கு வெட்டிச் சுவரில் சாத்திய பச்சை மூங்கில்மேல் ஒரு கோழி ஏறி, நிற்க இடம் போதாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது.