வேலையை விட்டு அனுப்பும் பாடம்

என் தங்கச்சி மகள் மேனேஜ்மென்ட் டிகிரி கடைசி வருஷம் படிக்கிறாள். அவள் படிக்கிற பாடமெல்லாம் எனக்கும் அத்துப்படி. ஏனென்றால் சாப்பிடும்போதுகூட அவள் வாய் ஓயாது. சந்தையை எப்படிப் பிடிப்பது, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது, ஊழியர்களுக்கு எப்படி ஊக்கம் கொடுப்பது என்று ஒரே பாட்டுதான்.

"ஊக்கம் குடுக்கறதுக்கு ஒரு பாடமா? சம்பளத்தை ஏத்துனா தானா வந்துட்டுப் போகுது" என்று சீண்டுவேன்.

"உங்களை மாதிரி ஆளுங்களாலதான் மாமா தொழில் வளர மாட்டேங்குது" என்பாள். அவளை நான் கூப்பிடுவதே மேனேஜரம்மா என்றுதான்.

இந்த வருஷம் மனிதவளம் என்று ஒரு பாடம். அதில் ஒரு செய்முறைத் தேர்வு, ஒருவரை வேலையை விட்டு அனுப்புவது எப்படி என்று. கூடப் படிக்கிற யாராவது ஒருவர் தொழிலாளியாக எதிரே உட்காருவார். இவள் மேலாளராக உட்கார்ந்து, இன்றோடு உனக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்ல வேண்டும். பேராசிரியர் பக்கத்தில் இருந்து மார்க் போடுவார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் காலத்தில் கம்பெனி கேட்டில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இப்போது அதற்கும் படிப்பு வந்துவிட்டது.

வீட்டில் ஒத்திகை பார்க்க அவளுக்கு ஒரு தொழிலாளி வேண்டியிருந்தது. என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? அட்டைப்பெட்டி கம்பெனியில், அட்டையை அச்சுக்கு வெட்டுகிற பஞ்சிங் மெஷினில் மீசை முளைத்த காலத்திலிருந்து நிற்கிறேன். என் இடது கை ஆள்காட்டி விரலில் பாதியை அந்த மெஷின் எடுத்துக்கொண்டது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தங்கச்சி வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இவளைத்தான் தோளில் போட்டு வளர்த்தேன்.

தங்கச்சி வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான். அவரை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். மாப்பிள்ளை கெட்டிக்காரர், படிப்படியாக ஏறி உற்பத்திப் பிரிவுக்கே மேனேஜர் ஆகிவிட்டார். நான் மெஷினோடு மெஷினாக நின்றுவிட்டேன். அதில் எனக்குப் பொறாமை எல்லாம் கிடையாது. சரி, கொஞ்சம் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக ஒரு தானியங்கி மெஷின் வருகிறது, பஞ்சிங்கில் சிலரைக் கழித்துக்கட்டப் போகிறார்கள் என்று. மற்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

"மாப்பிள்ளை மேல இருக்காரு. என் தலை உருளப் போகுதுன்னா முன்னாடியே காதுல போட்டுடுவாரு" என்று சாப்பாட்டு வேளையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். இந்த வயதில் இந்த வேலை போனால் வேறு யாரும் என்னை வாசலில்கூட நிறுத்த மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தமாகப் பீற்றிக்கொண்டேன்.

ஒத்திகை சாயங்காலங்களில் கூடத்தில் நடந்தது. சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். மாப்பிள்ளை சோபாவில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பார். தங்கச்சி சமையலறையிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பாள்.

"முதல்ல தண்ணி மாமா. அவங்க வந்து உட்கார்றதுக்கு முன்னாடியே மேஜை மேல இருக்கணும்" என்று ஒரு டம்ளரை வைத்தாள்.

"எதுக்கு? தண்ணி தெளிச்சு விடறதுக்கா?"

தங்கச்சி உள்ளேயிருந்து சிரித்தாள். மேனேஜரம்மா முறைத்தாள். "விளையாடாதீங்க மாமா. சுத்தி வளைக்கக் கூடாது, முதல் நிமிஷத்துலயே விஷயத்தைச் சொல்லிடணும். மன்னிப்பு கேட்கக் கூடாது. சொல்றவங்க அழக் கூடாது." பிறகு முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். "வாங்க, உட்காருங்க. உங்ககிட்ட ஒரு கஷ்டமான விஷயம் சொல்லணும். உங்க வேலையை நிறுவனம் எடுத்துடுச்சு. இன்னைக்கு உங்களுக்குக் கடைசி..." அதற்குமேல் முடியாமல் மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள்.

பத்துக்கு மூன்று கொடுத்தேன். எனக்குள்ளே இப்படி ஒரு கண்டிப்பான வாத்தியார் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. விளையாட்டாக உட்கார்ந்தவன், ரெண்டு மூன்று நாளில் மும்முரமாகிவிட்டேன். என் மேனேஜரம்மா வகுப்பில் முதலாவதாக வர வேண்டாமா? நிஜத் தொழிலாளி என்னவெல்லாம் சொல்வானோ அதையெல்லாம் எடுத்துவிட்டேன். அவள் திணறும்போது பதிலையும் நானே சொல்லிக்கொடுத்தேன்.

"வேற ஏதாவது பிரிவுல ஒரு ஓரமா போட்டுக் குடுங்கம்மா" என்று கெஞ்சினேன்.

"பார்க்கிறோம்" என்றாள்.

"தப்பு. பார்க்கிறோம்னு சொன்னா நாளைக்குக் காலையில கேட்டுல வந்து நிப்பேன். 'எல்லா இடமும் பார்த்தாச்சு, இல்லை'ன்னு அடிச்சு முடி. நம்பிக்கை குடுக்காதே. அதுதான் பெரிய பாவம்."

அவள் உதடு அசைய மனப்பாடம் செய்துகொண்டாள்.

இன்னொரு நாள் இடது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டி மேஜையைத் தட்டினேன். "இந்தக் கம்பெனிக்கு விரலையே குடுத்திருக்கேன்! இதுக்கு என்ன பதில் சொல்றே?"

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. "இதுக்கு என்ன சொல்றதுன்னு புக்குல இல்லையே மாமா."

நானும் யோசித்தேன். என்ன சொன்னால் நான் அடங்குவேன்? "ஒண்ணும் சொல்லாதே. அவன் முகத்தையும் பார்க்காதே. அந்த விரலையே பார்த்துட்டு வாயை மூடிட்டு இரு. கொஞ்ச நேரத்துல அவனே கூசிப்போய் கையை மேஜைக்கு அடியில வச்சுக்குவான்" என்றேன். எவ்வளவு கச்சிதமான யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "எப்படி?" என்றுகூடக் கேட்டேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவள் சிரிப்பது நின்றுபோனது. நான் என்ன கோமாளித்தனம் பண்ணினாலும் முகம் மாறாமல் உட்கார்ந்திருந்தாள். பொண்ணு தேறிவிட்டாள் என்று எனக்குப் பெருமை. ஒத்திகை முடிந்து நாற்காலியை நகர்த்தும்போது கேட்டாள், "நிஜமாவே உங்களுக்கு இப்படி ஆச்சுன்னா, எப்படிச் சொன்னா வலிக்காது மாமா?"

"எப்படிச் சொன்னாலும் வலிக்கும். எனக்கு வேண்டியவங்க வாயால கேட்டா கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்" என்றேன். பத்துக்கு ஒன்பது கொடுத்தேன். ஒன்பதுக்கு மேலே நான் போனதே கிடையாது. குரலில் நடுக்கம், கண்ணில் அலைச்சல் என்று ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துவிடுவேன்.

அவள் தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம், மெஷினில் நின்றிருந்த என்னைக் கண்ணாடி அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. மாப்பிள்ளை அறைதான். கையைத் துடைத்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தேன். மேஜைக்கு இந்தப் பக்கம், காலி நாற்காலிக்கு முன்னால், ஒரு டம்ளர் தண்ணீர்.

அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. கால் மட்டும் நகர்ந்துபோய் என்னை உட்காரவைத்தது.

"வாங்க, உட்காருங்க மச்சான். உங்ககிட்ட ஒரு கஷ்டமான விஷயம் சொல்லணும். உங்க வேலையை நிறுவனம் எடுத்துடுச்சு. இன்னைக்கு உங்களுக்குக் கடைசி நாள்."

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என்ன செய்ய? என் முறை வந்தது, என் வாய் தானாகத் திறந்தது. "பேக்கிங்ல ஒரு ஓரமா போட்டுக் குடுங்க மாப்பிள்ளை."

"எல்லா இடமும் பார்த்தாச்சு மச்சான். இல்லை."

அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரி. என் வரி. அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் என்ன படித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இடது கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எவ்வளவு அடக்கியும் முடியவில்லை, கை தானாக இறங்கி மேஜைக்கு அடியில் போய்விட்டது. வேலை போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கை இறங்கியதை என்னால் மன்னிக்க முடியாது.

"ஏதாவது கேட்கணுமா மச்சான்?"

"நம்ம பாப்பாவுக்குத் தெரியுமா?"

இதை நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. அவர் டம்ளரை என் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. தங்கச்சி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆரம்பத்துல எனக்குத் தெரியாது மாமா, சத்தியமா" என்றாள். "பாதியிலதான் அப்பா சொன்னாரு, உங்க வேலை போகப் போகுதுன்னு. நீங்க வாயைத் திறந்தா அவரால பேசவே முடியாதாம். அவரு சொல்லலைன்னா வெளியாள் யாரையாவது வச்சு சொல்லுவாங்களாம். உங்ககிட்ட மூச்சு விட்டா அப்பா வேலையும் போயிடுமாம். அடிக்கடி கேட்டுப் பழகிட்டீங்கன்னா அன்னைக்கு வலிக்காதுன்னு நினைச்சேன் மாமா. அதனாலதான் தினமும் கூப்பிட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை ஏமாற்ற நினைத்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மாடிக்குப் போயிருப்பேன். வலிக்கக் கூடாது என்று நினைத்துத்தான் தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்து, முகம் மாறாமல், என் வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறாள். அவளை ஓங்கி ஒன்று விட வேண்டும்போல் இருந்தது. மடியில் போட்டுத் தட்டிக்கொடுக்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"நாளைக்குத்தானே பரீட்சை?"

"நான் போகல மாமா."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். "எனக்கு வேண்டியவங்க வாயால கேட்டா தேவலைன்னு சொன்னேனா இல்லையா? உங்கப்பன் சொன்னது கணக்குல வராது. நீ சொல்லு."

"வேண்டாம் மாமா."

"ஆரம்பி."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்துபோய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உட்கார்ந்தாள். முதுகு நிமிர்ந்தது.

எங்கேயாவது ஒரு இடத்தில் உடைந்துவிடு கண்ணு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். முதல் வரியிலேயே விழுந்துவிடு. மாமா என்று ஒரு தடவை கூப்பிட்டுவிடு.

"வாங்க, உட்காருங்க" என்றாள். "உங்ககிட்ட ஒரு கஷ்டமான விஷயம் சொல்லணும்." என் கண்ணைப் பார்த்தே சொன்னாள். வேலையை நிறுவனம் எடுத்துவிட்டது என்றாள். இன்றுதான் கடைசி நாள் என்றாள். வேறு இடம் கேட்டேன், பார்த்தாச்சு, இல்லை என்றாள். கையை நீட்டினேன். அவள் விரலைப் பார்த்தாள், நான் கையை உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை பார்த்தாள். ஏதாவது கேட்கணுமா என்று கேட்டாள். குரலில் நடுக்கம் இல்லை, கண்ணில் அலைச்சல் இல்லை.

குறைப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றுமே கிடைக்கவில்லை.

"பத்துக்குப் பத்து" என்றேன்.