ராஜ வீதியில் கடைசி ஆள்

ரியாஸ் கேமரா ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடினான். பின்னால் எபினேசர், கேமராப் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி மூச்சிரைக்க வந்தான். எதிரே கோட்டைமேட்டு வீதி முழுக்க வெள்ளைத் தொப்பிகள்.

“என்றா இது? ஈ காக்கா இருக்காதுன்னு சொன்ன?”

“தொழுகைக்குப் போறாங்க. கிரகணம் புடிச்சா பள்ளியில அதுக்குன்னே ஒரு தொழுகை வெப்பாங்க.”

“அது உனக்குத் தெரியாதா?”

“மறந்துபோட்டேன்.”

“நான் மறந்தா அர்த்தம் இருக்குது. நான் சர்ச்சுக்குப் போறவன். நீ பள்ளிவாசலுக்கு எதுத்த ஊட்டுல பொறந்தவன்டா.”

ரியாஸ் வேகத்தைக் கூட்டினான். ஒரு மாதமாகத் திட்டம் போட்டவன் அவன். தொண்ணூற்று ஐந்தாம் வருஷத்துத் தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம் என்று பேப்பரில் படித்த அன்றே துள்ளிக் குதித்தவன். கோயமுத்தூரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கும், வீதிகள் மொத்தமும் நமக்குத்தான் என்று எபினேசரிடம் சொன்னவன். ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டான். தன் வீதியை மட்டும் விட்டுவிட்டான்.

வீட்டு வாசலில் அவனுடைய அப்பா அப்துல் வஹீது தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

“ஊரே பள்ளிக்குப் போவுது. நீ பொட்டி சட்டியத் தூக்கிட்டு எங்க போற?”

“இதோ வாரேன் அத்தா.”

“இதோ வாரேன்னுட்டு எதுத்த பக்கமா ஓடுறே.”

ரியாஸ் அதற்குள் முனையைத் திரும்பியிருந்தான்.

“ராஜ வீதி,” என்றான். “கோயில் தேரு நிக்கற தேர்முட்டிகிட்ட. அங்க எல்லாம் நகைக்கடை. ஒருத்தனும் இன்னைக்கு ஷட்டரத் தூக்க மாட்டான்.”

ரியாஸ் வீடியோ கேசட் கடை வைத்திருந்தான். பூமியில் எல்லோரும் செத்துப்போய் ஒரே ஒருவன் மிஞ்சும் இங்கிலீஷ் படங்கள் அவன் கடையில் ஒரு தனி அடுக்கு. வாடகைக்குப் போனதைவிட அவனே போட்டுப் பார்த்துத் தேய்த்தது அதிகம். பார்க்கப் பார்க்க ஒரு படம் தானும் எடுக்க வேண்டும் என்று அரித்தது. வசனமே இல்லாத சின்னப் படம். எபினேசர் கல்யாண வீடியோ எடுப்பவன்; சென்னையில் இருந்த சிநேகிதனிடம் கெஞ்சி ஒரு பதினாறு எம்.எம். கேமரா வாங்கி வந்திருந்தான். மத்தியான ரயிலில் அது திரும்பப் போயாக வேண்டும். இருந்தது ஒரே ரோல் ஃபிலிம்.

மற்ற காட்சிகளெல்லாம் ஒரு காலி குடோனுக்குள் எடுத்தாகிவிட்டது. கடைசி ஆளுக்கு மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், சாயப்பட்டறைக்காரர்கள் போடும் ரப்பர் முகமூடி. படம் முழுக்க முகம் தெரியாது. பாக்கி இருந்தது முடிவு மட்டும்தான். வெறிச்சோடிய நகரத்தின் நடுவே கடைசி ஆள் நடந்து வந்து, கேமராவுக்கு முன்னால் நின்று முகமூடியைக் கழற்ற வேண்டும். அந்த முகம் இல்லையென்றால் படமே இல்லை.

ராஜ வீதி காலியாகக் கிடந்தது. நேற்றைய பட்டாசுக் காகிதம் வீதி நெடுகச் சிவப்பாகச் சிதறி, ஏதோ பெரிய நாசம் நடந்து முடிந்த இடம் போல இருந்தது. வெயில் சோகை பிடித்திருந்தது. சாத்திய ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் டி.வி.யில் கிரகண வர்ணனை மட்டும் மெல்லிதாகக் கசிந்தது.

“செட்டுப் போட்டாக்கூட இப்படி வராதுடா,” என்றான் எபினேசர். “எங்க உன்ற ஹீரோ?”

ஹீரோவைக் காணவில்லை.

ஹீரோ பாலகோபால். மோட்டார் கம்பெனியில் லேத் ஓட்டுபவர், கோயில் நோம்பிகளில் நாடகம் போடுகிறவர். உடையெல்லாம் ஒரு பையில் முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போயிருந்தது. ரியாஸ் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு மறுபடி ஓடினான். சலீவன் வீதியை ஒட்டிய சந்தில் அவர் வீடு. கதவு தாழிட்டிருந்தது. ஜன்னலைத் தட்டினான்.

ஒரு பலகை திறந்தது. பாலகோபாலின் நெற்றியில் நூலால் கட்டிய ஓலைத்துண்டு தொங்கியது.

“அண்ணா, இது என்னங்ணா கோலம்?”

“எனக்குத் தெரியாதுங்க தம்பி. நேத்து ராத்திரிதான் அம்மா பஞ்சாங்கத்தப் பாத்தாங்க. என்ற நட்சத்திரத்துலயே புடிக்குதாம்.”

“நான் பட்டறை முகமூடி குடுத்தனே, அதப் போட்டுட்டு வந்தா நட்சத்திரத்துக்கு எப்படிண்ணா அடையாளம் தெரியும்?”

பாலகோபாலுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே திரும்பிப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார். கூடத்தில் பித்தளைத் தட்டில் தண்ணீர் விட்டு உலக்கையை நட்டமாக நிறுத்தியிருந்தார்கள். கிரகணம் விடும்வரை அது நிற்கும், விட்டதும் சாயும் என்பது கணக்கு. அதன் எதிரே அவருடைய அம்மா கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

“யாரு, கேசட்டுக்கடைப் பையனா?” என்றார் உலக்கையைப் பார்த்தபடியே. “அப்பறமா வரச் சொல்லு.”

“அப்பறமா வந்தா வீதியெல்லாம் ஆள் வந்துருமுங்கம்மா.” ரியாஸ் குரலைத் தணித்தான். “அண்ணா, அந்தப் பையை மட்டும் குடுங்க. நானே மாட்டிட்டு நடந்துக்கறேன்.”

“கிரகணம் உடற மட்டும் ஊட்டுச் சாமான் ஒண்ணும் வெளிய போவாது,” என்றார் அம்மா.

“அது எங்க சாமானுங்கம்மா.”

“உள்ள இருக்கற வரைக்கும் ஊட்டுச் சாமான்தான்.”

பாலகோபால் கையை விரித்தார். அவருக்குப் பின்னால் இருட்டிலிருந்து அவர் மனைவி வெங்கடம்மாளின் குரல் கேட்டது.

“எங்க நின்னு எடுக்கறீங்க தம்பி?”

“தேர்முட்டிகிட்டங்க்கா. வெளிச்சம் திரும்பற வரைக்கும் நிப்போம். அண்ணன் மனசு மாறுனா அனுப்பி வையுங்க.”

“எனக்குத் தலை வலிக்குதுங்கத்தை, பின்னால போயிப் படுத்துக்கறேன்,” என்று வெங்கடம்மாள் மாமியாரிடம் சொல்வது கேட்டது. ஜன்னல் மூடிக்கொண்டது.

ரியாஸ் திரும்பி வந்தபோது வெளிச்சம் இன்னும் வடிந்திருந்தது. வேப்பமரத்தடி நிழலில் இலை இடுக்குகளில் விழுந்த வெளிச்சம் நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டிப் பிறைகளாக ஆடியது. காகங்கள் குழம்பிப்போய்க் கத்தின. அவனால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. தேர்முட்டிக்கும் கேமராவுக்கும் நடுவே அலைந்தான்.

“நீயே நடந்துரு,” என்றான் எபினேசர்.

“முகமூடி இல்லாமயா? இத்தனை நேரம் மூடி வெச்சுட்டு இப்ப சும்மா மூஞ்சியோட வந்தா, இவன் எவன்டான்னு கேப்பாங்க.”

“சரி, உக்காரு. நடந்து நடந்து ரோட்டத் தேய்க்காத.” எபினேசர் ஒரு ஷட்டரில் சாய்ந்தான். “எனக்கு ஒரு சந்தேகம். இங்கிலீஷ் படத்துல கடைசி ஆளு மொத வேலையா ஒரு கடைய ஒடைச்சு உள்ள பூந்து டின்னு டின்னாத் திங்கறான். நம்மூர்க்காரன் என்ன பண்ணுவான்?”

“என்ன பண்ணுவான்?”

“ஊட்டப் பூட்டிட்டு, பூட்ட நாலு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் வெளிய கெளம்புவான். ஊருல ஒருத்தருமே இல்லாட்டியும்.”

ரியாஸ் உட்காரவில்லை. வானத்தைப் பார்த்து, கண் கூசிக் குனிந்தான். கிரகணத்தின் உச்சம் தாண்டிவிட்டது. மங்கலில் மெல்ல மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் ஒரு கதவு திறக்கும், ஒரு ஸ்கூட்டர் கிளம்பும், அவ்வளவுதான். இதைப் போல இன்னொரு காலைக்கு எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டுமோ.

“டேய்,” என்றான் எபினேசர் மிக மெதுவாக. “அங்க பாரு.”

தேர்முட்டி ஓரத்துச் சந்திலிருந்து ஓர் உருவம் வெளிப்பட்டது. மழைக்கோட்டு. ரப்பர் பூட்ஸ். முகமூடி.

“அண்ணன் வந்துட்டாருடா. ஓட்டு, ஓட்டு.”

கேமரா கிர்ரென்று ஓடத் தொடங்கியது.

உருவம் வீதியின் நடுவுக்கு வந்து நின்றது. வலப்பக்கம் பார்த்தது, இடப்பக்கம் பார்த்தது. பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்து நடந்தது. குடோனில் இதே பாலகோபால் ராஜா வேஷம் போலத் தம் தம்மென்று நடந்து உயிரை வாங்கியவர். இன்றைக்கு உலகத்தின் அலுப்பையெல்லாம் காலில் கட்டிக்கொண்டு வருகிறார்.

பாதி வழியில் தெருக்குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. உருவம் அதைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்து, குழாயை இறுக்கி மூடியது.

“இது நீ சொன்னியா?” எபினேசர் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

“இல்ல. அவராப் பண்றாரு. நிறுத்தாத.”

பட்டாசுக் காகிதம் காலில் சுற்ற, உருவம் இன்னும் கொஞ்சம் நடந்தது. மறுபடி நின்றது. வலது கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டது. முகமூடி மெல்லக் குனிந்தது.

“பசி,” என்று முணுமுணுத்தான் ரியாஸ். “கடைசி மனுசனோட பசி. என்ன நடிப்புடா.”

உருவம் கேமராவின் முன்னால் வந்துவிட்டது. ரியாஸ் கையால் சைகை காட்டினான்: கழற்றுங்க. முகமூடிக் கண்ணாடி இரண்டும் அவனைப் பார்த்தன. கை முகமூடி வரை போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு தலை இல்லை என்று ஆடியது. சட்டென்று திரும்பி, பூட்ஸ் தடதடக்கப் பக்கத்துச் சந்துக்குள் ஓடி மறைந்தது.

எபினேசர் கேமராவை நிறுத்தினான். “ரோல்ல கொஞ்சூண்டு மிச்சம் இருக்குது. மூஞ்சி வேணும்னா இப்பவே புடி.”

ரியாஸ் துரத்தினான். சந்து இரண்டாகப் பிரிந்தது. தவறான பக்கம் போய், ஒரு மதிலில் முட்டி, திரும்பி வந்து, மறுபக்கம் தேடினான். எங்கும் யாரும் இல்லை. அதற்குள் வெயில் பளிச்சென்று ஏறிவிட்டது. பாலகோபால் வீட்டு ஜன்னலை இடித்தான்.

பலகை திறந்தது. அதே ஓலைத்துண்டு. பின்னால் அதே உலக்கை, அதே அம்மா.

“ஏனுங்க்ணா, மூஞ்சியக் காட்டாம ஓடிட்டீங்களே?”

“நான் எங்கீங்க ஓடுனேன்? அந்த உலக்கையப் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்தே புடிச்சுக்கிச்சு.”

ரியாஸ் அவருடைய காலைப் பார்த்தான். வெறுங்கால். துளி அழுக்கு இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு ஓடினான்.

பின்வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. துணி துவைக்கும் கல்லின் மேல் வெங்கடம்மாள் உட்கார்ந்து, ஒரு காலிலிருந்து பூட்ஸை இழுத்துக்கொண்டிருந்தாள். மடியில் முகமூடி. நெற்றியில் அது அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது.

“சத்தம் போட்றாதீங்க தம்பி.”

“நீங்களாங்க்கா?”

“பூட்ஸு எத்தாப் பெருசு. ரெண்டு தடவ உழுகப் பாத்தேன்.”

“எதுக்குங்க்கா?”

“உங்க படம் கெட்டுப்போயிரும்னு ஒரு பக்கம் பாவமா இருந்துதுங்க.” பூட்ஸ் கழன்று வந்தது. “இன்னொரு பக்கம், நீங்க இங்க வந்து கதை சொல்றப்ப எல்லாம் கேட்டுட்டே இருப்பேன். அந்தப் படங்கள்ல மொதல்ல ஒரு ஆம்பளதான் மிஞ்சுவான். பொம்பள ஒருத்தி அப்பறமா, அவன் தேடிக் கண்டுபுடிக்கறதுக்குன்னு வருவா. ஏனுங்க, எங்க போறே, எப்ப வருவேன்னு கேக்க ஒருத்தருமே இல்லாத வீதியில நானும் ஒரு தடவ நடந்து பாக்கலாம்னு இருந்துது.”

“அப்ப ஏன் கழட்டலீங்க?”

“அவரு மூஞ்சின்னு நெனச்சு நிக்கறீங்க. என்ற மூஞ்சியக் காட்டி ரோலக் கெடுக்கவா?”

ரியாஸைத் தேடிக்கொண்டு பின்வாசலில் எபினேசர் வந்து நின்றான், கேமராவோடு. ரியாஸ் முகமூடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். படத்தில் இதுவரை யாரும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அது யாருடையதாகவும் இருக்கலாம்.

“அக்கா, மறுபடி மாட்டுங்க. அந்தச் செவுத்துகிட்ட நில்லுங்க. மாட்டிட்டுக் கழட்டுங்க, அவ்வளவுதான்.”

“நானா? நெசமாலுமா?”

“சீக்கிரமுங்க்கா.”

சுண்ணாம்புச் சுவரோரம் அவள் நின்றாள். எபினேசர் முட்டி போட்டுக் குறிபார்த்தான்.

“கழட்டுன உடனே ஒரு பாவனை வேணும்,” என்றான் ரியாஸ். “வீதி நடுவுல வயித்துல கைய வெச்சுட்டு நின்னீங்கல்ல, பசியில. அப்ப மனசுல என்ன இருந்துதோ, அதேதான் வேணும்.”

“பசியா?”

கேமரா ஓடத் தொடங்கியது. அது ஒலியைப் பிடிக்காத கேமரா. வெங்கடம்மாள் முகமூடியைக் கழற்றினாள். வேர்வையில் முடி ஒட்டியிருந்தது. அவன் சொன்னதற்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் பித்தளைத் தட்டு கணீரென்று அதிர்ந்தது. உலக்கை சாய்ந்துவிட்டது.

“வெங்கடம்மா, உட்டுப்போச்சு, எந்திரிச்சு வா,” என்று மாமியார் கூப்பிட்டார்.

அவள் உள்பக்கம் திரும்பவில்லை. லென்சை நேராகப் பார்த்தாள். கை அதுவாக வயிற்றுக்குப் போயிற்று.

“இனிச் சொல்லலாமுங்க தம்பி. நேத்தே சொல்லியிருந்தா இன்னைக்கு இருட்டுல படுக்கப்போட்டு அசையக்கூட உட்டிருக்க மாட்டாங்க, அதான் அவருகிட்டக்கூடச் சொல்லல. டாக்டரம்மா போன வாரமே சொல்லிப்போட்டாங்க. மூணு மாசமுங்க.”