நீளக் குழல்

டொக்டர் கொட்வினுக்கு மான் சுடப் போகும் ஆசை வந்தது மான்மீதுள்ள கோபத்தால் அல்ல. மான் பாவம், அது அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. லண்டன் சட்டனில் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசித்துக்கொண்டு தன்பாட்டில் இருந்தவன் அவன். கடைவாய்ப் பல்லைச் சரிபார்க்க வந்த பென்ற்லி என்ற ஓய்வுபெற்ற சட்டத்தரணி, வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: "ஒக்ரோபரில் நாங்கள் நாலைந்து பேர் ஸ்கொட்லாந்துக்குப் போகிறோம். நீங்களும் வாருங்களேன்." அந்த 'நாங்கள்'தான் ஆளை விழுத்தியது. எப்படியாவது அந்த 'நாங்களு'க்குள் தானும் ஒருவனாகிவிட வேண்டும் என்று துடித்தான்.

பொலிஸ் அனுமதி எடுத்தாயிற்று. கிளப்பில் குறிபார்த்துச் சுடவும் பழகியாயிற்று. இனித் துவக்கு ஒன்றுதான் பாக்கி. ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுகிற துவக்குத்தான் கனவான்களுக்கு அழகு என்று பென்ற்லி சொல்லிவிட்டதால் அதிலும் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் குழல் எவ்வளவு நீளம், துவக்கு எவ்வளவு பாரம் என்று கடைக்காரர் தொலைபேசியில் கேட்டபோது கொட்வின் முழித்தான். பல்லின் வேரை அளக்கத் தெரிந்தவனுக்கு அது தெரியவில்லை. உடனே அண்ணனைக் கூப்பிட்டான்.

கஸ்பர் அவனுடைய கூடப் பிறந்த அண்ணன். குரோய்டனில் பார்சல் பிரிக்கிற கிடங்கில் வேலை. இளவயதில் ஊரில், முருங்கன் பக்கத்துக் காட்டில் இடியன் துவக்கோடு பன்றிக்கு அலைந்தவர். குழலின் வாய்வழியாக வெடிமருந்தை இடித்து நிரப்பிச் சுடுகிற அந்தப் பழைய துவக்கு அவருடைய தோளைப் பதம் பார்த்த கதைகள் வீட்டில் நிறைய உண்டு.

கொட்வினுடைய இடது காதின் கதையை அறிந்தவரும் அவர்தான். கொட்வினுடைய பன்னிரண்டு வயதில், யுத்தத்தில் ஷெல் விழுந்த வளவுக்குள்ளிருந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் கஸ்பர். அன்று கிழிந்த செவிப்பறை பிறகு சரிவரவேயில்லை. லண்டனில் அதை யாருக்கும் சொல்லாமல் கொட்வின் சமாளித்து வந்தான். ஆட்களைத் தன் வலப்பக்கத்தில் வைத்துக்கொள்வான், விளங்காததற்குச் சிரித்துவிடுவான். கிளப்பில் காதுமூடி போட்டுச் சுட்டும் அந்தக் காது கூவிக்கொண்டே இருந்தது. அதையும் அண்ணனுக்கு மட்டுமே சொன்னான்.

ஷிப்ட் முடிந்த கையோடு, தன் பழைய காரில் தம்பியையும் ஏற்றிக்கொண்டு கஸ்பர் துவக்குக் கடைக்கு வந்தார். உடம்பில் கிடங்கின் மஞ்சள் ஜாக்கெட், அதில் பளபளக்கிற பட்டி. 'மாற்றிக்கொண்டு வந்திருக்கலாமே' என்று கொட்வின் மனதுக்குள் முணுமுணுத்தான். உடனே வரச்சொல்லி அந்தரப்படுத்தியவன் தானே என்பது அப்போது வசதியாக மறந்துபோயிற்று. கடை வாசலில் அவனுக்குக் கிளினிக்கிலிருந்து அழைப்பு வர, கஸ்பர் முதலில் உள்ளே போனார்.

கொட்வின் உள்ளே போனபோது பச்சைத் துணிமேல் இரண்டு துவக்குகள் கிடந்தன. ஒன்று இருபது அங்குலக் குழல், மெல்லியது, தூக்கினால் குடைபோல இருந்தது. மற்றது இருபத்தாறு அங்குலம், தடித்த குழல், நல்ல பாரம். கழுத்தில் மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்த கடைக்காரர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒற்றைத் தோட்டாத் துவக்கில் தோட்டாப் பெட்டியும் நீண்ட பூட்டும் இல்லாததால், குழல் நீண்டாலும் மொத்தத் துவக்கு அவ்வளவு நீளாது. மெல்லியது மலையேறச் சுகம், ஆனால் உதைக்கும், வெடியும் முகத்துக்குக் கிட்ட நிற்கும். பாரமானது தோளை நோகவைக்கும், ஆனால் குறிவைத்தால் ஆடாது.

கொட்வின் நீளமானதைத் தோளில் வைத்துப் பார்த்தான். அசையாமல் அமர்ந்தது.

"இதையே எடு தம்பி," என்றார் கஸ்பர்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு பென்ற்லி வந்தார். 'முடிந்தால் எட்டிப் பார்க்கிறேன்' என்று சொல்லியிருந்தவர், சொன்னபடியே வந்துவிட்டார். அவருடைய கண் மஞ்சள் ஜாக்கெட்டில் ஒருதரம் நின்று போனது. கொட்வினுக்கு உடம்பு கூசியது.

"அண்ணை, கொஞ்சம் அங்கால நில்லுங்கோ," என்று மெல்லச் சொன்னான்.

"அண்ணை!" என்று பென்ற்லி குதூகலித்தார். "உங்கள் கிளினிக் வரவேற்பில் இருக்கிற தக்ஷிகா எனக்கு இந்தச் சொல்லைச் சொல்லித் தந்தாள். சகோதரன் என்று அர்த்தம், இல்லையா?"

ஓம் என்றால் முடிந்திருக்கும். ஒரு சொல். பூசையில் பவுலடியாருடைய நிருபத்தைத் தடக்காமல் வாசிக்கிற அந்த வாய்க்கு அது வரவில்லை.

"எங்கள் ஆட்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்," என்றான் கொட்வின், ஆங்கிலத்தில், சிரித்தபடி. "பஸ் கொண்டக்டரும் எங்களுக்கு அண்ணைதான். இவர் எங்கள் ஊர் ஆள். காரில் கொண்டுவந்து விட்டார்."

சொன்னதில் பாதி உண்மை. அதுதான் கேவலம். முழுப்பொய் என்றால் நாக்காவது கொஞ்சம் தடக்கியிருக்கும். கடைக்காரர் குனிந்து தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். கஸ்பர் சுவரில் மாட்டியிருந்த மான்தலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருடம் லண்டனில் இருக்கிற மனிதருக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்காதா என்ன?

பென்ற்லி மெல்லிய துவக்கை எடுத்துத் தடவினார். "இதுதான். மலையில் ஆறு மணித்தியாலம் நடக்கும்போது என்னை வாழ்த்துவீர்கள். சத்தம் குறைக்கிற குழாயெல்லாம் மாட்டிவிடாதீர்கள். மாப்பிள்ளைக்கு ஹெல்மெட் போட்டதுபோல இருக்கும்."

கஸ்பர் திரும்பினார். "தம்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "டொக்டர், நீளமானதை எடுங்கோ."

அந்த 'எடுங்கோ' கொட்வினின் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. பிறந்த நாளிலிருந்து அண்ணன் அவனை 'நீ' என்றுதான் சொல்லியிருக்கிறார். அவன் சொன்ன பொய்க்கு இப்போது அவர் முண்டு கொடுக்கிறார்.

"ஏன்?" என்றான்.

கஸ்பர் பென்ற்லியை ஒருமுறை பார்த்தார். எதையோ சொல்ல வந்து விழுங்கியது தெரிந்தது. "நீளக் குழலெண்டாத்தான் மருந்து முழுக்க எரியும்," என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று பென்ற்லி கேட்டார்.

அது இடியன் துவக்குக் காலத்து நியாயம் என்பது கொட்வினுக்கே விளங்கியது. விளங்கியதைத் தன்னோடு வைத்திருக்கலாம். "குறி தவறினாலும், நீளமாக இருந்தால் மானைக் குத்திப் பிடிக்கலாமாம்," என்றான்.

பென்ற்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொட்வினும் சிரித்தான். இருவரும் சிரிப்பதைக் கண்டு கஸ்பரும் கொஞ்சம் சிரித்தார். கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கொட்வின் மெல்லிய துவக்குக்குச் சொல்லி, குறிகாட்டி பூட்டி அடுத்த கிழமை தரும்படி கேட்டு, பென்ற்லியின் கையைக் குலுக்கி வழியனுப்பினான்.

காருக்குள் ஏறியதும் கஸ்பர், "பெல்ற்றைப் போடுங்கோ," என்றார்.

"அண்ணை, இப்ப ஒருத்தரும் இல்லைத்தானே."

அவர் தன் பெல்ற்றை இழுத்துப் பூட்டினார்.

"அந்த மருந்துக் கதை இப்பத்தைத் தோட்டாவுக்குச் சரிவராது எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும்."

"பிறகேன் சொன்னனீங்கள்?"

"விடுங்கோ டொக்டர். எனக்கு நித்திரை வருது."

கொட்வினால் இருக்க முடியவில்லை. முகம் எரிந்தது. தான் இவ்வளவு மலிவான மனிதன் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. யாருக்காவது, ஒரேயொரு ஆளுக்காவது, உண்மையைச் சொன்னால்தான் மூச்சு வரும்போல இருந்தது. கதவைத் திறந்து இறங்கித் திரும்பக் கடைக்குள் போனான்.

"அந்த மஞ்சள் ஜாக்கெட் போட்டவர்," என்றான் கடைக்காரரிடம், "என்னுடைய அண்ணன். சொந்த அண்ணன்."

"தெரியும்," என்றார் அவர்.

"எப்படி?" என்றான் கொட்வின்.

"நீங்கள் வெளியில் தொலைபேசியில் நின்றபோது சொன்னார். 'என் தம்பி, டொக்டர்' என்று. அதை இரண்டுதரம் சொன்னார்." கடைக்காரர் நீளத் துவக்கைத் துணியால் மூடிக்கொண்டே பேசினார். "உங்கள் இடது காது பழுது, துவக்கைத் தோளில் வைத்தால் அந்தக் காதுதான் வெடிக்கு முன்னால் நிற்கும், எதில் சத்தம் தள்ளிக் கேட்கும் என்று விசாரித்தார். இதைக் காட்டினேன். காது விஷயத்தை மற்றவர்களுக்கு முன்னால் கதைக்க வேண்டாம், நீங்கள் வெட்கப்படுவீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார்."

கடை முழுக்க மான்களின் கண்ணாடிக் கண்கள் தன்னையே பார்ப்பதுபோல கொட்வினுக்குத் தோன்றியது. அண்ணன் விழுங்கிய வார்த்தை எதுவென்று இப்போது விளங்கியது. தம்பியின் காதை மறைக்க அவர் மடையனாக நின்றிருக்கிறார். அந்த மடையனை வைத்துத்தான் தம்பி ஒரு வெள்ளைக்காரனைச் சிரிக்கவைத்தான்.

"நீளமானதைத் தாருங்கள்," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "சத்தம் குறைக்கிற குழாயும் போடுங்கள்."

திரும்பி வந்து காரில் ஏறினான். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், இப்போதே பென்ற்லிக்குப் போன் அடித்து உண்மையைச் சொல்ல வேண்டும். கடைசியில் வந்தது ஒரு சொல்தான்.

"அண்ணை."

கஸ்பர் காரை எடுத்தார். கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, கோபமேயில்லாத குரலில், மெதுவாகக் கேட்டார்:

"எந்த அண்ணை? பஸ் கொண்டக்டரோ?"

கொட்வினுடைய நல்ல காது அண்ணன் பக்கம் இருந்தது. ஒரு எழுத்தும் தப்பாமல் கேட்டது.